ஆவியக்காவுக்குப் பிடித்த பிடித்தம்

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில், கைக்கு வரும் காசு எதனால் குறைந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: பிடித்தம். தாமதமாக வந்தால் பிடித்தம். தலையணை உறை ஒன்று காணாமல் போனால் அன்று அந்த மேசையில் நின்ற எல்லோருக்கும் பிடித்தம். வருமான வரி, சங்கச் சந்தா, முன்பணத் தவணை, கிழிந்த விரிப்பு, சீருடையில் விழுந்த பொத்தான் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். சம்பள நாளில் வெளியே வருகிறவர்களிடம் எவ்வளவு வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எவ்வளவு பிடிச்சான்?" என்றுதான் கேட்பார்கள்.

என் பெரியம்மா அங்கே ஏறக்குறைய முப்பது வருடம் வேலை பார்த்தாள். நோயாளிகளின் அங்கிகளையும் மருத்துவர்களின் மேல்சட்டைகளையும் நீராவி அழுத்தியில் தேய்ப்பது அவள் வேலை. காலால் மிதித்தால் மேல்பலகை இறங்கும், வெள்ளையாக ஆவி கிளம்பும், அதற்குள் அவள் முகம் மறைந்து மறுபடியும் தெரியும். அதனால் ஆவியக்கா என்று பெயர். புதிதாகச் சேருகிற பெண்கள் பேயைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முதல் வாரம் அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். அவளும் திருத்த மாட்டாள். "பயந்தா மரியாதையா இருப்பாளுங்க" என்பாள்.

கணக்கர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தடித்த கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்ணாடி சார் என்பார்கள். சம்பள நாளன்று வரிசையில் பெரியம்மாவுக்குப் பின்னால் நிற்க யாருக்கும் விருப்பம் இருக்காது. அவள் சீட்டை வாங்கி, பிடித்தம் என்ற இடத்தில் விரலை வைத்து, ஒரே ஒரு சொல் கேட்பாள்.

"எதுக்கு?"

"என்னதும்மா எதுக்கு?"

"போன மாசத்தைவிடக் கூடப் பிடிச்சிருக்கே. எதுக்கு?"

"விரிப்பு ஒண்ணு கிழிஞ்சிருக்கு."

"நான் நிக்கிறது அங்கி மேசை. விரிப்பு எப்படி என்கிட்ட வந்து கிழிஞ்சுது? நடந்து வந்துச்சா?"

பாதி நேரம் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். மீதி நேரம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கேட்காமல் அவள் அந்தக் கூண்டைவிட்டு நகர்ந்ததில்லை.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் ஒரு நடை. மாமா வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் குறுகலான வழியைத்தான் சொல்கிறேன். பெரியம்மாவின் கணவர் சரக்கு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் அவள் தன் தம்பி வீட்டுக்குப் போனாள். மாமா கெட்டவர் இல்லை. கட்டடங்களுக்குச் சாயம் பூசுகிறவர், ஒரு மாதம் வேலை இருந்தால் ஒரு மாதம் இருக்காது. அந்த நடையில்தான் பெரியம்மாவுக்குப் படுக்கை. இரவில் யாராவது குளியலறைக்குப் போனால் அவள் எழுந்து காலை மடக்கிக்கொள்ள வேண்டும். நான்கு வருடம் அப்படி. அதற்குப் பிறகுதான் சலவைக்கூட வேலை, அதற்குப் பிறகுதான் அவளுடைய அறை.

அந்த அறையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி, சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரும் அதில் இறங்கும் குழாய்களும். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு நாற்காலி. ஆனால் கதவில் இரண்டு பூட்டு. ஒன்று வீட்டுக்காரர் வைத்தது, இன்னொன்று அவள் காசில் போட்டது. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு பூட்டு என்று அம்மா கேட்டால், "ஒண்ணு திருடனுக்கு, இன்னொண்ணு சொந்தக்காரனுக்கு" என்பாள். இரவில் கட்டிலின் குறுக்கே கைகால்களைப் பரப்பிக்கொண்டு படுப்பாள். நான் போய்த் தங்கினால் எனக்குத்தான் இடம் இருக்காது.

"செத்தா இந்த ரூம்ல சாகணும். இல்லேன்னா மேசை முன்னாடி நின்னுக்கிட்டே சாகணும். அந்த நடைக்கு மட்டும் திரும்பிப் போகக் கூடாதுடி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அறுபது ஆனால் சலவைக்கூடத்தில் வேலை கிடையாது. அதற்குப் பிறகு வாடகைக்கு என்ன வழி என்பதுதான் அவள் ஐம்பத்தேழாவது வயதில் என் முன்னால் கொண்டுவந்து வைத்த கேள்வி.

என்னிடம் ஏன் என்றால், எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நான் படித்தது தாவரவியல். ஆனால் எங்கள் வீட்டில் படிப்பு என்றால் படிப்புதான், அதற்குள் பிரிவு கிடையாது. மின்கட்டணத் தகராறு, வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த நீதிமன்ற அறிவிப்பு என்று எல்லாம் என் கைக்கு வரும். அப்போது நான் ஒரு நகலெடுக்கும் கடையில் தற்காலிகமாக உட்கார்ந்து, நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வரிச் சட்டம் தெரியாது என்று நான் சொன்னபோது மாமாதான் பதில் சொன்னார்.

"மரத்தை வெட்டிப் பார்த்து வயசு சொல்றவளாம். என் அக்காவுக்குப் பென்ஷன் சொல்லத் தெரியாதாம்."

"மாமா, அது வேற, இது வேற."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. உள்ள எத்தனை வளையம் இருக்குன்னு பார்க்க வேண்டியதுதானே?"

சிரித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். வரி, ஓய்வூதியம் பற்றி அரசு வெளியிட்ட விதிகளை உட்கார்ந்து படித்தேன். ஒரு வாக்கியத்தைப் படித்தால் அது வேறொரு பிரிவைப் பார்க்கச் சொல்லும், அங்கே போனால் அது திரும்ப இதையே பார்க்கச் சொல்லும். ஆனாலும் மூன்று மாலைகளில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. பட்டம் வாங்கியதிலிருந்து எனக்கு அப்படி ஒரு தெம்பு வந்ததில்லை. யாருக்கோ நான் பயன்படப் போகிறேன் என்ற தெம்பு.

பெரியம்மாவிடம் வங்கியில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. இரவு வேலையின் கூடுதல் கூலியை அப்படியே போட்டு வைத்தது. அதற்கு வருகிற வட்டியிலும் வரி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சேமிப்பை எடுத்து நேராகப் பென்ஷன் கணக்கில் கட்டலாம். ஆனால் அது ஏற்கெனவே வரி கட்டிய பணம், பெரிய லாபம் இல்லை. மாறாக, சம்பளத்தின் ஒரு பகுதி கைக்கு வராமலே பென்ஷனுக்குப் போனால் அந்தப் பகுதிக்கு வரியே கிடையாது. நிறுவனமும் தன் பங்காகக் கொஞ்சம் சேர்க்கும். அப்படியானால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்? அங்கேதான் சேமிப்பு வருகிறது. மாதாமாதம் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய வேண்டியது. மூன்று வருடத்தில் வங்கிப் பணம் சுற்றி வளைத்து வரி இல்லாமல் பென்ஷனுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, தேநீரை ஊதி ஊதிக் கேட்டாள்.

"அப்ப இருக்கிறதைத் தின்னுட்டு, வர்றதை மூடி வைக்கணும்."

"ஆமா பெரியம்மா. ஆனா முழுச் சம்பளத்தையும் போடக் கூடாது. வரி வரம்புன்னு ஒரு கோடு இருக்கு. அதுக்கு மேல இருக்கிறதைத்தான் போடணும். உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. கோட்டுக்குக் கீழ போனா வரி ஒண்ணும் மிச்சம் ஆகாது, பணம் மட்டும் உள்ள மாட்டிக்கும்."

"மாட்டிக்குமா?"

"அறுபது வரைக்கும் எடுக்க முடியாது."

"அதுதான்டி எனக்கு வேணும்" என்றாள். "வெளிய கிடந்தா உங்க மாமன் வந்து தலையைச் சொறிவான். உள்ள போயிட்டா, சாவி என்கிட்ட இல்லடா தம்பின்னு சொல்லிடலாம். பொய்யும் இல்ல, பாவமும் இல்ல."

அறுபதிலிருந்து மாதம் எவ்வளவு வரும் என்று சொன்னேன். அவள் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். வாடகைக்குப் போக அடுப்புக்கும் கொஞ்சம் மிஞ்சும். அந்தச் சன்னலையும் குழாய்களையும் அவள் அப்போது பார்த்த விதத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த வாரம் இருவருமாகக் கண்ணாடி சாரிடம் போனோம். சம்பள நாள், பின்னால் நீண்ட வரிசை. அவர் படிவத்தை எடுத்து வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"ஆவியக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க. இதுல கையெழுத்துப் போட்டா உங்க ஒப்பந்தச் சம்பளமே இறங்கும். வருஷம் முடியிற வரைக்கும் மாத்த முடியாது. வருஷா வருஷம் அதுவாவே தொடரும்."

"தெரியும் சார். அந்தப் பக்கம் பிடிச்சு இந்தப் பக்கம் போடுறீங்க."

"பிடிக்கிறது இல்லம்மா. இறங்குறது."

"என் கைக்கு வராத காசெல்லாம் எனக்குப் பிடித்தம்தான். நீங்க அதுக்கு என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கோங்க."

வரிசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

அந்த மாதத்திலிருந்து சலவைக்கூடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஆவியக்கா கூண்டின் முன்னால் நின்றாள், சீட்டைப் பார்த்தாள், எதுக்கு என்று கேட்காமல் போனாள். விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்தில் நிற்கிற ஒல்லி என்ற பெண் ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னாளாம்.

"ஆவியக்காவுக்குக் காதல் வந்துடுச்சு!"

"இந்த வயசுலயா? யார் மேல?"

"பிடித்தத்து மேலதான். இத்தனை வருஷம் கழிச்சு அவங்களுக்குப் பிடிச்ச பிடித்தம் கிடைச்சிருக்கு."

அதையே சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். ஆவிக்குப் பென்ஷன் எதற்கு, ஆவி போகிற நாள் தெரிந்தால்தானே கணக்குப் போட முடியும் என்று. பெரியம்மா, "நான் போனாலும் மாசம் ஒருதடவை வந்து உங்க கழுத்தைப் பிடிப்பேன்டி" என்பாள்.

ஆனால் வங்கிக்குப் போகிற நாள் அவளுக்குக் கசந்தது. சேர்த்த பணத்தை எடுத்துத் தின்பது அவளுக்குப் பழக்கம் இல்லாத காரியம். "நான் குடியிருக்கிற சுவத்தை நானே சுரண்டித் தின்னுற மாதிரி இருக்கு" என்றாள். நான் பென்ஷன் கணக்கில் ஏறுவதைக் காட்டுவேன். இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கும், கூடவே வரிக்குப் போயிருக்க வேண்டியதும் நிறுவனத்தின் பங்கும். அவள் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பரப்பிக்கொண்டு படுப்பாள்.

அப்படியே ஒரு வருடமும் இன்னும் கொஞ்சமும் போயிற்று. வங்கியில் பாதிக்குக் கிட்டக் கரைந்திருந்தது. திட்டப்படிதான் கரைந்தது.

அன்று உருளை இயந்திரத்தில் ஒல்லியோடு நிற்க வேண்டிய பெண் வரவில்லை. மேற்பார்வையாளர் பெரியம்மாவை அங்கே நிறுத்தினார். அந்த இயந்திரத்தில் ஈர விரிப்பை இருவர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து உள்ளே விட வேண்டும். சூடான உருளைகள் அதை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் உலர்ந்ததாகத் துப்பும். துணி சுருண்டு சிக்கினால் கையை வைக்கக் கூடாது, முன்னால் இருக்கும் சிவப்புக் கம்பியைத் தள்ளி நிறுத்த வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. புதிய பெண்களுக்கு அதைப் படித்துக் காட்டுவதே பெரியம்மாதான்.

ஒரு விரிப்பின் மூலை மடங்கிக்கொண்டு உள்ளே போனது. நிறுத்தினால் பாதித் துணி சூட்டு உருளையில் ஒட்டிக் கருகும், இழுத்தால் கிழியும். கிழிந்தால் பிடித்தம். அவள் அதை யோசித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் அந்தச் சலவைக்கூடத்தில் நின்றவளின் கை தானாகப் போயிருக்கும். மூலையை நிமிர்த்த வலக்கையை நீட்டினாள்.

ஒல்லி தன் மூலையிலிருந்து கம்பியைத் தள்ளி நிறுத்தினாள். அதற்குள் விரல்களும் மணிக்கட்டும் உள்ளே போய்விட்டிருந்தன. கையை வெளியே எடுத்தபோது பெரியம்மா அலறவில்லையாம். ஒல்லி எங்களிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"துணி கிழிஞ்சிருச்சாடின்னு கேட்டாங்கக்கா. முதல்ல அதைத்தான் கேட்டாங்க."

எந்த மருத்துவமனையின் துணியை வெளுத்தாளோ அதே மருத்துவமனையில்தான் கிடந்தாள். வலிக்கு ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் இருந்தவள், இடக்கையால் விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது ஒல்லி மடிச்சது. மூலை கோணல்" என்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிழைத்தன. மற்ற மூன்றும் இருக்கின்றன, மடங்காது.

விதி சுவரில் எழுதியிருந்தது, அவள் விதியை மீறிக் கையை வைத்தாள், அதனால் இழப்பீடு கிடையாது என்றது நிறுவனம். நோய்க்கால ஊதியம் மட்டும் உண்டு. பரவாயில்லை, பாதிச் சம்பளம் வரும், வங்கியில் மிச்சம் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் அறுபது வரை தள்ளிவிடலாம் என்று நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நோய்க்கால ஊதியத்தை வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கை பெரிய வெள்ளை மூட்டையாகக் கழுத்திலிருந்து தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் விலகி அவளை முன்னால் விட்டார்கள். சீட்டைக் கண்ணாடி சார் நீட்டினார். அவளால் இடக்கையில் அதைப் பிடித்துக்கொண்டு விரலும் வைக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அதில் இருந்தது பாதி இல்லை. கால்வாசிகூட இல்லை.

"எதுக்கு?" என்றாள் பெரியம்மா.

கண்ணாடி சார் பேனாவை மூடினார், திறந்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு பிடிச்சிருக்கீங்க?"

"பிடிக்கலம்மா. பாருங்க, பிடித்தம் இருக்கிற இடத்துல சைபர்தான் போட்டிருக்கு."

உண்மைதான். அவளுடைய முப்பது வருடச் சம்பளச் சீட்டுகளில் பிடித்தம் ஒன்றும் இல்லாத முதல் சீட்டு அது.

"உங்க ஒப்பந்தச் சம்பளம் இறங்கிடுச்சு இல்லையா? நோய்க்கால ஊதியம் அதை வச்சுத்தான். ஒரு அளவுக்கு மேல சம்பளம் இருந்தா பாதி. கீழ போனா கடைசிப் படி, குறைஞ்சபட்சத் தொகை இவ்வளவுதான். நீங்க இப்போ கீழ இருக்கீங்க. நான் அன்னைக்கே சொன்னேன், இறங்கும்னு."

"சொன்னீங்க" என்றாள் பெரியம்மா. "நான்தான் பேரு வச்சேன்."

இந்த முறை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்குச் சம்பளம் என்றால் முழுசாக இருப்பது. அதிலிருந்து யாரோ பிடிக்கிறார்கள், பிடித்ததை எதுக்கு என்று கேட்கலாம், சண்டை போட்டால் சில சமயம் திரும்பக் கிடைக்கும். சம்பளமே சுருங்கி, சுருங்கியதுதான் இனி முழுசு என்று ஆகிவிட்டால் அதைக் கேட்க அவளிடம் சொல் இல்லை. என்னிடம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நானும் அதைப் பிடித்தம் என்றே நினைத்தேன், பிடித்தம் என்றே அவளிடம் சொன்னேன். வரிக்கு ஒரு கோடு இருப்பதைப் புத்தகத்தில் பார்த்தேன். நோய்க்கு இன்னொரு கோடு இருப்பது வேறு புத்தகத்தில் இருந்தது. என் வரிக் கணக்கை அதற்குப் பிறகு பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு இடத்திலும் தப்பு இல்லை. அது தப்பாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வங்கியில் இருந்த மிச்சம் மருந்துக்கும் வாடகைக்குமாக வேகமாகக் கரைந்தது. ஒரு வழி பாக்கி இருந்தது. உடல் முடியாமல் போனவர்கள் பென்ஷனை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தத்தையும் ஒரே நேரத்தில்தான் எடுக்க வேண்டும், மொத்தத்துக்கும் வரி உண்டு, நிறுவனம் போட்ட பங்கு திரும்பப் போய்விடும். இதை நான் அவளுடைய அறையில் உட்கார்ந்து சொன்னேன். இந்த முறை இறக்கம், பிடித்தம், அபராதம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சொன்னேன்.

"எடுத்தா இந்த ரூம்ல எவ்வளவு நாள் இருக்கலாம்?"

"ரெண்டு வருஷம். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

"அதுக்கப்புறம்?"

நான் கணக்குத் தாளைத் திருப்பிப் போட்டேன்.

"எடுக்கலேன்னா?"

"அறுபதுலேருந்து மாசா மாசம் வரும். கடைசி வரைக்கும். ஆனா அதுவரைக்கும்..."

"ஆவி போற வரைக்கும்" என்று அவள் என் 'கடைசி'யைத் திருத்தினாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களுடையது ஒன்றரை அறை, அப்பா, அம்மா, தம்பிகள் இருவர், நான். அது அவளுக்கும் தெரியும்.

"தின்னது தின்னதுதான். மூடி வச்சதைத் திறக்க வேண்டாம்" என்றாள். "ரெண்டாவது பூட்டைக் கழட்டிக் கொண்டா. அது என் காசு."

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. நான் கழற்றும்வரை அவள் கதவை இடத்தோளால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

மாமா சண்டை போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. வண்டி பிடித்து வந்து கட்டிலைத் தானே இறக்கினார். ஆனால் நடையில் கட்டில் நுழையவில்லை. அதை விற்றார்கள்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். மாமா வீட்டு நடை நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குறுகலாக இருந்தது. பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் ஒட்டிய தோல் அரிக்கும், சூடு தாங்காது. அதற்காக ஒரு சின்ன மின்விசிறியைச் சமையலறை வாசற்படியில் வைத்திருந்தார்கள். அது அவள் கையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. விசிறிக்குப் பக்கத்தில் அந்தப் பூட்டு.

பென்ஷன் கணக்கில் ஏறியிருப்பதைச் சொன்னேன். வட்டி சேர்ந்து கொஞ்சம் வளர்ந்திருந்தது, வரி இல்லாமல். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன்.

அப்போது மாமா சலவைக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தார். அவளால் கையெழுத்துப் போட முடியாததால் மாதாமாதம் நோய்க்கால ஊதியத்தை அவர்தான் வாங்கி வருகிறார். உடம்பெல்லாம் சாயப் புள்ளிகள். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பணத்தை அவள் இடக்கையில் கொடுத்தார்.

"கரண்டுக்குக் கொஞ்சம் பிடிச்சிருக்கேன்கா. ராத்திரி பூரா ஃபேன் ஓடுது பாரு. இந்த மாசம் எனக்கும் வேலை சரியில்ல."

பெரியம்மா பணத்தைப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் வரும், அவள் விரலை வைத்துக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டுகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "ஃபேனுக்குன்னு சொன்னேனேம்மா."

"சும்மா இருடி" என்றாள் பெரியம்மா. "அவன் வீடு, அவன் பிடிக்கிறான்."

மாமா மகன் துண்டோடு குளியலறைக்குப் போக வந்தான். பெரியம்மா அவனை நிமிர்ந்து பார்க்காமலே காலை மடக்கிக்கொண்டாள். அவன் போய்க் கதவைச் சாத்திய பிறகும் நீட்டவில்லை.

நான் எழுந்தேன்.

"போறப்ப அந்த ஃபேனை நிறுத்திட்டுப் போ" என்றாள்.